ஓனஸ் உங்கமேல

அவர் செத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசக் கூடாதா என்று எங்கள் தெருவில் இன்னமும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு அவரை நினைத்தால் இன்றைக்கும் காதுமடல் சூடாகிறது.

பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அதனால். தெருவில் அவரைக் கம்ப்ளைன்ட் சார் என்பார்கள். நான் முறைக்கு மாமா என்று கூப்பிடுவேன். அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் தோண்டும் சுரங்கம், எங்கள் வாயில் மைன்ஸ். அவருடைய அப்பா மைன்ஸுக்கு நிலம் கொடுத்தவர். அதற்குப் பதிலாகக் கம்பெனி இவருக்கு ஆபீஸில் ஒரு வேலை கொடுத்தது. வெடி வைத்ததில் வீடு விரிசல் விட்டுவிட்டது என்று யாராவது புகார் கொடுத்தால், வந்து பார்த்து எழுதி அனுப்புவதுதான் அந்த வேலை. எங்களுக்குள்ளிருந்தே ஓர் ஆளைப் பிடித்து எங்களுக்கு எதிரே உட்காரவைத்திருந்தார்கள்.

தினமும் மதியம் ஒன்றரைக்கு வெடி. முன்னால் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் பெண்களெல்லாம் பலகையில் இருக்கும் டம்ளர்களைத் தரையில் இறக்கி வைப்போம். நான் பூலாம்பாடிக்காரி. கல்யாணமாகி வந்த மறுநாள் தரை குலுங்கியதும் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடினேன். என் மாமியார் சிரித்துவிட்டார். அவரை நான் அத்தை என்பேன்.

"எங்கடி ஓடுற? வெடிதான். டம்ளர எறக்கிட்டு வந்து சாப்புடு."

அந்த வீடு அத்தை கட்டியது. மாமனார் சீக்கிரமே போய்விட்டார். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய், விரல் தோல் உரிய உரிய உடைத்து, ஒவ்வொரு சுவராக எழுப்பிய வீடு. என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் அத்தையும் நானும்தான். அத்தை கிழக்குச் சுவரை ஒட்டிப் பாய் போட்டுப் படுப்பார். அந்தச் சுவரில்தான் விரிசல்.

நான் பெரம்பலூரில் காலேஜ் முடித்தவள். தெருவில் இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த மருமகள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதனால் புகாரை நான்தான் எழுதினேன். சுவரைக் கட்டிக் கொடுங்கள், வெடியை ஊரை விட்டுத் தள்ளி வையுங்கள். இரண்டே கோரிக்கை. மூன்றாம் நாள் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு ஃபைல். விரிசலை அளக்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. அது பஸ் டிக்கெட். சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து விரிசலுக்குள் நுழைப்பார். பாதி போனால் "மேற்பூச்சில் வந்த கீறல்" என்று எழுதுவார். முழுதாகப் போய்விட்டால் டிக்கெட்டை உள்ளேயே விட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த சுவருக்குப் போய்விடுவார்.

நான் காபி கொடுத்தேன். உள்ளே உட்கார்ந்து குடிக்க மாட்டார். "காத்தா இருக்கும்மா" என்று நாற்காலியை வாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"வெடியாலதான் வந்துச்சுன்னு எழுதியிருக்க. சரி. வெடியாலதான்னு நீதான் காட்டணும். ஓனஸ் உங்கமேல."

"அப்படின்னா என்ன மாமா?"

"படிச்ச புள்ள, டிக்‌ஷனரி பாரேன்."

பார்த்தேன். காலேஜில் பரிசாகக் கிடைத்த அகராதி அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. சுமை, பொறுப்பு, நிரூபிக்கும் கடமை என்று போட்டிருந்தது. லத்தீன் வழியாக வந்த சொல்லாம், அங்கேயும் பாரம் என்றுதான் அர்த்தமாம். ஒரு குறையும் சொல்ல முடியாத, ஒழுங்கான சொல். ஒரு காரியத்தில் யார் பாரம் சுமக்க வேண்டும் என்று நியாயமாகப் பிரித்துக் கொடுப்பதற்காக யாரோ உண்டாக்கி வைத்தது. வெடி வைக்கிறவனிடம் அதிர்வை அளக்கிற மீட்டர் இருக்கிறது, இன்ஜினியர் இருக்கிறான், வரைபடம் இருக்கிறது. என் அத்தையிடம் சுவர் மட்டும்தான் இருக்கிறது. இதில் பாரம் யார்மேல் இருக்க வேண்டும் என்பதை அகராதி சொல்லவில்லை. அதை இவர் சொன்னார்.

அந்தச் சொல்லை அவர் ஆபீஸில் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யாருடைய கல்யாணத்திலோ ஒரு பெரியவரின் செருப்பு காணாமல் போய்விட்டது. பாவம், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். இவர் பந்தியிலிருந்து கை கழுவ எழுந்து வந்தவர், "செருப்ப வெளிய விட்டது நீங்க. ஓனஸ் உங்கமேலதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் பால் திரிந்தால் ஓனஸ் மனைவிமேல். பையன் பரீட்சையில் பெயிலானால் ஓனஸ் வாத்தியார்மேல். கோயில் திருவிழாவில் மைக்செட் நின்றுபோனால், வரி கொடுக்காத நாலு வீட்டின்மேல். வந்த பாரம் எதுவும் அவர் தோளில் நின்று நான் பார்த்ததில்லை. கையில் பட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். சிரித்துக்கொண்டே தள்ளுவார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எழவு வீடென்றால் முதல் ஆள் அவர்தான். பாடை கட்டுவார், பந்தலுக்கு மூங்கில் கொண்டுவருவார், ஒப்பாரிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டபோது ஆபீஸ் ஜீப்பைக் கேட்காமலே எடுத்துவந்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றால் அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது. தாளும் பேனாவும் வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார்.

காட்டச் சொன்னாரே, காட்டினேன். பூலாம்பாடியில் என் அண்ணன் கொத்தனார். அவன் ஒரு வழி சொன்னான். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட வேண்டும். சுவர் நகராமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். துளி நகர்ந்தாலும் உடைந்துவிடும். அண்ணனே வந்து மூன்று துண்டு ஒட்டிக் கொடுத்தான். பதினெட்டாவது நாள், சங்கு ஊதியதும் செல்போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு சுவருக்கு எதிரே நின்றேன். வெடித்தது. நடுக்கண்ணாடி டிக் என்று இரண்டாகப் பிளந்தது. எனக்கு அழுவதா குதிப்பதா என்று தெரியவில்லை. அப்போதே போன் போட்டு அவரை வரச் சொன்னேன்.

வந்தார். கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். வீடியோவை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"யாரு ஒட்டுனது?"

"எங்கண்ணன்."

"யாரு முன்னிலையில?"

"அத்தை, நான்."

"வீட்டாளுங்க சாட்சி ஆவாது. ஒட்டறப்பவே கண்ணாடியில கீறல் இல்லேங்கறதுக்கு என்ன அத்தாட்சி? வீடியோவுல தேதியெல்லாம் யாரு வேணா மாத்தலாம்மா. நான் உன்னச் சொல்லல, பொதுவா சொல்றேன். ஓனஸ் உங்கமேலதான நிக்குது."

சரி, கம்பெனியே மீட்டர் வைத்துப் பார்க்கட்டும் என்று எழுதிப் போட்டேன். மீட்டர் வந்தது. முதல் நாளே சொல்லிவிட்டு வந்தது. அவர்தான் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் கொண்டார். அன்றைக்குச் சங்கு ஊதியது, வெடித்தது. டம்ளர்கூட அசையவில்லை. அத்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "என்னடி இது, பூனை குதிச்ச மாதிரி வெடிக்குது?" மறுநாள் மீட்டர் போய்விட்டது. ஒன்றரைக்கு வைத்த வெடியில் பலகையிலிருந்த ஊறுகாய் ஜாடி விழுந்து உடைந்தது. "அனுமதித்த அளவுக்குள் அதிர்வு" என்று அவர் கையெழுத்தில் ஒரு தாள் வந்து சேர்ந்தது.

எங்கள் தரப்பிலும் ஒரு முட்டாள்தனம் இருந்தது. அதை அவர் எங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். பொங்கலுக்கு எங்கள் பக்கம் வெள்ளையடிக்காத வீடு இருக்காது. சோறில்லாவிட்டாலும் சுண்ணாம்பு உண்டு. வெள்ளையடிப்பதற்கு முன்னால் விரிசலை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, வழித்துவிடுவோம். லட்சுமி வருகிற வீட்டில் சுவர் பிளந்திருக்கலாமா? ஆக, வருடம் முழுக்கக் கம்ப்ளைன்ட் கொடுத்துவிட்டு, மார்கழிக் கடைசியில் எங்கள் அத்தாட்சியை நாங்களே பூசி மூடிவிட்டுப் பொங்கல் வைப்போம். அவர் பெரிய இன்ஸ்பெக்‌ஷன் எல்லாவற்றையும் தை மாதத்தில்தான் வைத்துக்கொள்வார். "எங்கம்மா விரிசல்? காட்டு" என்பார். அடைத்திருக்கிறோம் என்றால், "அடைச்சது யாரு?" என்பார்.

இது எனக்கு உறைக்க நாலு பொங்கல் ஆனது. ஐந்தாம் வருடம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அலைந்து, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக்களாகக் கொடுத்து, வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று உத்தரவு வாங்கினேன். பொங்கல் முடிந்த மறுவாரம் வருவதாகச் சொன்னார்கள். தெருவில் வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். இந்த ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்காதீர்கள். பத்து வீடு ஒத்துக்கொண்டது. பெரிய சண்டை எங்கள் வீட்டில்தான்.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்காம இருக்க இது வூடா, எழவு வூடா?" என்றார் அத்தை.

"இந்த ஒரு வருசம் மட்டும் அத்தை. அப்பறம் புதுச் சுவருக்கு வெள்ளையடிப்போம்."

இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். மார்கழிக் கடைசியில் பூலாம்பாடியில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. போய் மூன்று நாள் இருந்துவிட்டு, போகியன்று மதியம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தெருமுனையிலேயே பச்சைச் சுண்ணாம்பு வாடை. தெரு முழுக்கப் பளிச்சென்று நின்றது.

கம்பெனியின் பொங்கல் பரிசாம். வீட்டுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு, பட்டிப் பவுடர், அரியலூரிலிருந்து ஆட்கள் வந்து கூலியில்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலுக்குக் கீழேயிருந்து தோண்டிய கல்லைச் சுட்டு எங்கள் வாயிலேயே பூசியிருக்கிறார்கள். கூடவே நின்று மேற்பார்வை பார்த்தது அவர். எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவர் வழவழவென்று இருந்தது. கண்ணாடித் துண்டுகள் போன இடம் தெரியவில்லை.

"ஓசியில அடிச்சுத் தரோங்கறாங்க, வேணாங்கவா? தெருவே அடிச்சுக்குது, நம்ம வூடு மட்டும் மூளியா நிக்கவா?" என்றார் அத்தை. குரலில் தப்புச் செய்துவிட்ட பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அரிவாள்மணையை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன். பொங்கலும் அதுவுமாக இப்படிச் செய்கிறாளே என்று அத்தை அழுதார். நான் நிறுத்தவில்லை. அடைத்த சிமெண்டைக் கொத்தி எடுத்து, விரிசலை மறுபடியும் வெளியே கொண்டுவந்தேன். என் முடியெல்லாம் சுண்ணாம்பு.

அதிகாரி வந்தார். ஒத்துக்கொண்டிருந்த பத்து வீடும் வெள்ளையாக இருந்தது, பார்த்துக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் மட்டும் நின்றார். கம்ப்ளைன்ட் சார் அந்தச் சுவரருகே போய், அரிவாள்மணை பட்ட தடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"பாருங்க சார். இது விரிசல் இல்ல. இரும்பால கீறுனது. தடம் அப்புடியே இருக்கு."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரும்பால் கீறியது நான்தான். "வேண்டுமென்றே சுரண்டப்பட்டுள்ளது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவர் என் பக்கம் திரும்பி, ஒரு சொந்தக்காரர் சொல்கிற மாதிரியே சொன்னார்: "கோவத்துல காரியத்தக் கெடுத்துக்கிட்டியேம்மா." அந்த வாக்கியத்துக்காக நான் அவரை மன்னிக்கவே இல்லை.

ஐப்பசியில் சுவர் விழுந்தது. இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மதியம். சங்கு ஊதியது. நான் கிணற்றடியில் இருந்தேன். அத்தை டம்ளர்களை இறக்கி வைக்க உள்ளே போனார். வெடித்ததும் கேட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஓடிவந்து பார்த்தால் கிழக்குப் பக்கம் வானம் தெரிகிறது. அத்தை இடுப்புவரை கல்லுக்குள் கிடந்தார். "டம்ளரு உடைஞ்சிருச்சாடி?" என்று கேட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதற்கப்புறம் அத்தை தானாக எழுந்து நடந்ததில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு மறுநாளே அவர் வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அது நடிப்பில்லை, நான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"முந்தாநாளு நல்ல மழைல்ல? சுவரு ஊறியிருந்திருக்கும்."

ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அவர் பைக்குள்ளேயே வைத்து, பையை அவர் கையில் கொடுத்தேன். "கெளம்புங்க மாமா" என்றேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எதுவும் போதுமானதாக இல்லை.

சாயங்காலம் அவர் மனைவி வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். தெருவிலேயே சத்தம் வராத பெண். ரசஞ்சோறு கொண்டுவந்திருந்தார். அத்தைக்கு ஊட்டிவிட்டு, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னார்.

"அவரு வாசல்ல கட்டில் போட்டுப் படுக்குறாருல்ல?"

தெருவுக்கே தெரிந்த விஷயம். அவர் வீடுதான் தெருவின் கடைசி, மைன்ஸுக்கு ரொம்பப் பக்கம். வருடம் முழுக்க வாசலில்தான் படுப்பார். "ஆமாக்கா. காத்துக்கு."

"மார்கழிப் பனியில எவன் காத்துக்குப் படுப்பான்? மழை பேஞ்சா மாட்டுக் கொட்டாய்க்குப் போயிருவாரு. எங்க வூட்டுச் சுவரு உங்களுதவிட மோசம். பீரோவப் போட்டு மறைச்சு வச்சிருக்கு."

"நீங்க எங்கக்கா படுக்குறீங்க?"

"உள்ளதான். பொம்பள வாசல்ல படுக்கக் கூடாதாம்."

பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்தார்கள். இந்தப் பெண் தினமும் அந்தச் சுவருக்குள் தனியாகப் படுத்து எழுந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டே அந்த மனிதர் எங்கள் விரிசலுக்குள் பஸ் டிக்கெட்டை நுழைத்து அளந்துகொண்டிருந்தார். அதுவரை அவர்மேல் இருந்தது கோபம். அதற்குப் பிறகு இருந்ததற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அத்தை விழுந்ததால் மறுபடி விசாரணை வைத்தார்கள். இந்த முறை வந்தது புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண் அதிகாரி. ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவே கூடியிருந்தது. கம்ப்ளைன்ட் சார் ஃபைலைப் பிரித்து, மழையில் ஊறிய சுவர், போன பொங்கலில் வீட்டாரே இரும்பால் சேதப்படுத்திய சுவர் என்று வரிசையாக வாசித்தார். நிறுத்தி நிதானமாக, நன்றாகத்தான் வாசித்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "வெடியாலதான் விழுந்துச்சுன்னு சொல்றீங்க. காட்ட என்னம்மா இருக்கு?"

என்ன இருக்கிறது? கண்ணாடி போய்விட்டது. சுவரே போய்விட்டது. எழுந்து நின்றேன். அதிகாரிக்குப் பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்பினேன்.

"மாமா, நீங்க எங்க படுக்குறீங்க?"

பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. "இது என்னம்மா கேள்வி, பெரியவங்க முன்னாடி?"

"மார்கழியில வாசல்ல படுக்குறீங்க. மழையில மாட்டுக் கொட்டாயில படுக்குறீங்க. ஏன்னு மேடத்துக்கிட்ட சொல்லுங்க."

"எனக்கு வேர்க்கும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வேற எதுக்குன்னு உன்னால காட்ட முடியுமா? ஓனஸ்…"

"வேர்வை இல்லீங்கம்மா. பயம்." குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. அக்கா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். "வந்து பாருங்க. நாலு வூடு தள்ளித்தான்."

அதிகாரி எழுந்துவிட்டார். தெருவே பின்னால் போனது. அவரும் வந்தார், வேகமாக வந்து முன்னால் போய் வாசலில் நின்றார். தடுக்கவும் தைரியமில்லை, விலகவும் மனமில்லை. அதிகாரி அவரைத் தாண்டி உள்ளே போனார். வீடு முழுக்க வெள்ளை. அக்காவும் நானும் பீரோவின் இரண்டு பக்கத்தையும் பிடித்து நகர்த்தினோம். பீரோ உயரத்திலிருந்து தரைவரைக்கும் சுவர் பிளந்திருந்தது. என் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

அதிகாரி அந்த வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்துக் கேட்டார். "இது எதனால வந்தது? நீங்க சொல்லுங்க."

இப்போதும் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அத்தனை வெறுப்பிலும் அவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருடைய சுவர், அவருடைய மனைவி படுக்கிற இடம். ஒரே ஒரு வார்த்தை. வேலை போகலாம், போகட்டுமே. அவர் கூரையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இந்த வூடு என் பேர்ல இல்லீங்க மேடம். மாமனார் குடுத்த மனை. அவ பேர்லதான் இருக்கு. கேக்கறதா இருந்தா அவளத்தான் கேக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர் தூ என்று துப்பினார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கையைச் சேலைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரோ தூசி பட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சரிதாங்கம்மா. என் பேர்லதான் இருக்கு. எழுதிக்குங்க. வெடியாலதான் வந்துச்சு. எந்த வெடிக்கு எவ்ளோ பிரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். நான் இதுக்குள்ளதான படுக்குறேன்."

அதிகாரி நின்றுகொண்டே எழுதினார். அத்தனை வருடத்தில் எங்கள் தெருவிலிருந்து "வெடியால்" என்று அரசாங்கத் தாளில் ஏறிய முதல் வரி அது. பிற்பாடு வெடியைத் தள்ளி வைத்ததற்கும், எங்கள் சுவரைக் கட்டிக் கொடுத்ததற்கும் அந்த வரிதான் ஆதாரம். அத்தையின் இடுப்புக்கு எந்த வரியும் உதவவில்லை.

எழுதி முடித்து அதிகாரி ஃபைலைத் திருப்பிக் காட்டினார். நான் பேனாவை நீட்டினேன். அக்கா தாளைப் பீரோமேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, வளர்மதி என்று போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் எங்கெங்கங்க போடணும்?"